அப்டேட் ஆனதும் மானிட்டர்ல "நோ சிக்னல்": கேபிள் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கம் மக்களே. லேப்டாப்ல மாட்டி நேத்து வரைக்கும் ஒழுங்கா ஓடின ரெண்டாவது மானிட்டர், ராத்திரி விண்டோஸ் 11 அப்டேட் ஏறினதும் காலையில "நோ சிக்னல்"னு நிக்குது. உடனே கடைக்கு ஓடிப்போய்ப் புது எச்டிஎம்ஐ கேபிள் வாங்கிடாதீங்க. ஒரே ராத்திரியில கேபிள் சாகுறது அபூர்வம். அப்டேட் பெரும்பாலும் மாத்தியிருக்கிறது உள்ள இருக்கிற டிரைவரை, அதாவது விண்டோஸையும் கிராஃபிக்ஸ் சிப்பையும் பேச வைக்கிற சாஃப்ட்வேரை.

டிரைவர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷ வேலை ஒண்ணு. விண்டோஸ் கீயோட பி அழுத்துங்க, ப்ராஜெக்ட்ல வர்ற பி. நாலு ஆப்ஷன் வருதா? "பிசி ஸ்க்ரீன் ஒன்லி"ல இருந்தா "எக்ஸ்டெண்ட்" குடுங்க. அப்பவும் படம் வரலையா, விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூணையும் பிடிச்சுக்கிட்டு பி. இது பேங்க்ல வர்ற பி. தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்தாப் போச்சு, என்ன பண்றது! ஸ்க்ரீன் ஒரு செகண்ட் கறுத்து, பீப்புன்னு சத்தம் வரும். கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் எழுப்பி விடுது, திறந்து வச்ச ஃபைல் எங்கயும் போகாது.

அடுத்தது ரீஸ்டார்ட். ஷட் டவுன் இல்ல, ரீஸ்டார்ட். "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" ஆன்ல இருந்தா, ஷட் டவுன் பண்ணும்போது விண்டோஸோட மையப் பகுதியான கெர்னலையும் டிரைவரையும் அப்படியே டிஸ்க்ல எழுதி வச்சு, மறுபடி அதையே தூக்கிப் போடும். கோளாறும் கூடவே வந்துடும். ரீஸ்டார்ட் ஆகுற நேரத்துல மானிட்டர் ப்ளக்கைச் சுவத்துலேர்ந்தே கழட்டி ஒரு நிமிஷம் விடுங்க. பட்டனை அமுக்கி ஆஃப் பண்ணா ஸ்டாண்ட்பைக்குத்தான் போகும்.

அது ஏன் ப்ளக்கையே கழட்டணும்? எச்டிஎம்ஐல 19 பின் இருக்கு. 18வது பின்ல லேப்டாப் 5 வோல்ட் அனுப்பும். 19வது பின் வழியா மானிட்டர் "நான் இருக்கேன்"னு சொல்லும். அப்புறம் தன்னால எந்த ரெசல்யூஷன், எந்த ரெஃப்ரெஷ் ரேட் முடியும்னு ஈடிஐடிங்கிற குட்டி டேட்டாவைக் குடுக்கும், முதல் ப்ளாக் வெறும் 128 பைட்தான். மானிட்டர் பக்கத்து சர்க்யூட் இந்த இடத்துல முழிச்சுக்கிட்டு நின்னா, லேப்டாப்பை நூறு தடவை ரீஸ்டார்ட் பண்ணாலும் படம் வராது.

இப்ப முக்கியமான இடத்துக்கு வருவோம். ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக், டிவைஸ் மேனேஜர், அதுல "டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்" திறங்க. ரெண்டு கிராஃபிக்ஸ் இருக்கிற லேப்டாப்னா இன்டெல் இல்லாட்டி ஏஎம்டி ஒண்ணு, என்விடியா ஒண்ணு தெரியணும். "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்"னு இருந்தா ஒரிஜினல் டிரைவர் ஓடலைன்னு அர்த்தம். அதை வச்சு ரெண்டாவது மானிட்டரை எதிர்பார்க்காதீங்க. மஞ்சள் முக்கோணம் இருந்தா டபுள் கிளிக் பண்ணி கோட் நம்பரைப் பாருங்க. கோட் 43னா அந்த சிப்பே "எனக்குப் பிரச்சினை"ன்னு சொல்லி விண்டோஸ் அதை நிறுத்தி வச்சிருக்கு.

நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். லேப்டாப்போட சொந்த ஸ்க்ரீன் பெரும்பாலும் இன்டெல் இல்லாட்டி ஏஎம்டில ஓடும். ஆனா கேமிங் மாடல் பலதுல எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு வயர் நேரா என்விடியாவுலேர்ந்து வரும். என்விடியா டிரைவர் படுத்தா லேப்டாப் ஸ்க்ரீன் பளிச்சுன்னு இருக்கும், எச்டிஎம்ஐ மட்டும் செத்துக் கிடக்கும். பாக்குறவங்க போர்ட் போச்சு, மதர்போர்டு போச்சுன்னு சர்வீஸுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அதே மானிட்டரை யுஎஸ்பி சி வழியா மாட்டிப் பாருங்க. அதுல படம் வந்து எச்டிஎம்ஐல வரலைன்னா சந்தேகம் முதல்ல என்விடியா டிரைவர் மேலதான். ஒண்ணு கவனிங்க, எல்லா யுஎஸ்பி சி போர்ட்டும் படம் அனுப்பாது, போர்ட் பக்கத்துல டிஸ்ப்ளேபோர்ட் குறியோ தண்டர்போல்ட் மின்னல் குறியோ இருக்கான்னு பாருங்க. போன் சார்ஜர் கூட வந்த கேபிளும் பெரும்பாலும் இதுக்கு ஆகாது.

சரி, டிரைவரைப் பழசுக்குக் கொண்டு போவோம். டிவைஸ் மேனேஜர்ல அந்த கிராஃபிக்ஸை டபுள் கிளிக் பண்ணா வர்ற ப்ராப்பர்ட்டீஸ்ல "டிரைவர்" டேப், "ரோல் பேக் டிரைவர்". அந்தப் பட்டன் மங்கலா இருந்தா "அப்டேட் டிரைவர்", "ப்ரௌஸ் மை கம்ப்யூட்டர்", "லெட் மீ பிக்"னு போங்க. பழைய வெர்ஷன் லிஸ்ட்ல இருந்தா அதை எடுத்துக்கலாம். இல்லையா, லேப்டாப் கம்பெனி சைட்ல உங்க மாடல் நம்பர் போட்டு டிரைவரை முதல்ல டவுன்லோட் பண்ணி வச்சுக்கங்க. அப்புறம் வைஃபையை ஆஃப் பண்ணுங்க. இதை மறந்தா, நீங்க ஒரு பக்கம் அன்இன்ஸ்டால் பண்ண, விண்டோஸ் அப்டேட் இன்னொரு பக்கம் அதே டிரைவரைக் கொண்டுவந்து வச்சுடும். நெட் இல்லாம "அன்இன்ஸ்டால் டிவைஸ்", டிரைவரையும் நீக்கச் சொல்ற பாக்ஸுல டிக், ரீஸ்டார்ட், டவுன்லோட் பண்ணதை இன்ஸ்டால். முடிஞ்சதும் நெட்டை ஆன் பண்ண கையோட "பாஸ் அப்டேட்ஸ்", அதாவது அப்டேட்டைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கிற ஆப்ஷனைக் குடுத்துடுங்க.

படம் வந்துடுச்சு, ஆனா மவுஸ் இழுத்து இழுத்து ஓடுதா? செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, "அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே". 4கே மானிட்டர் 30 ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 30 தடவைதான் படம் மாறுற வேகத்துல நிக்கும். எச்டிஎம்ஐ 1.4ல 4கேக்கு 30தான், 60 வேணும்னா 2.0 வேணும். படம் விட்டு விட்டு கறுத்தா ரெசல்யூஷனை 1080க்கு இறக்குங்க. அதுல ஆடாம நின்னா, இப்பதான் கேபிளைச் சந்தேகப்படணும். இதே பக்கத்துல மானிட்டர் எந்த கிராஃபிக்ஸ்ல மாட்டியிருக்குன்னும் எழுதியிருக்கும், நல்லா ஓடும்போதே ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

மேக்புக் வச்சிருக்கிறவங்களுக்கு ரெண்டே வரி. ஹப் வழியா மாட்டினா "அலௌ அக்சஸரீஸ்" அனுமதியைப் பாருங்க. டிஸ்ப்ளேலிங்க் டாக்னா, அதாவது ஒரு ஆப் மூலமா யுஎஸ்பி வழியா படம் அனுப்புற டாக்னா, ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டில அந்த ஆப்புக்கு ஸ்க்ரீன் ரெக்கார்டிங் அனுமதி இருக்கணும், அது போனா மானிட்டரும் போச்சு.

கமெண்ட்ல "ப்ரோ வரல"ன்னு மட்டும் போடாதீங்க. லேப்டாப் மாடல், எந்த போர்ட், டிவைஸ் மேனேஜர்ல என்ன கோட், மூணும் போடுங்க.