புள்ளிகள் எல்லாம் கடலில் போய் விழுகின்றனவா?

சரி, அடுத்த கேள்வி, ஜிஐஎஸ் (புவியியல் தகவல் அமைப்பு) பற்றியது. ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜிஐஎஸ் என்றால் மேப் வரைவதுதானே, அதற்கு எதற்குத் தனி மென்பொருள்? எக்செலில் 200 கிணறுகளின் அட்சரேகை, தீர்க்கரேகை வைத்திருக்கிறேன். க்யூஜிஐஎஸ் என்ற ஜிஐஎஸ் மென்பொருளில் போட்டால் 200-ம் ஒரே புள்ளியாக ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கடலில் போய் உட்கார்ந்துகொள்கிறது. என்ன தப்பு செய்தேன்?"

முதலில் மேப் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மேப் என்பது கடைசியில் கண்ணுக்குத் தெரிகிற படம், அவ்வளவுதான். ஜிஐஎஸ் என்பது அதற்குப் பின்னால் இருக்கிற அட்டவணை, அதில் ஒவ்வொரு வரிக்கும் தான் பூமியில் எங்கே இருக்கிறோம் என்று தெரியும். உங்கள் கிணற்றுப் பட்டியலில் ஆழம் என்று ஒரு பத்தி இருக்கிறது என்று வையுங்கள், பக்கத்தில் ஓடுகிற ஆறு தனி லேயராக (அடுக்காக) இருக்கிறது, "ஆற்றிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கிற, 30 மீட்டரைவிட ஆழமான கிணறுகள் எவை?" என்று கேட்டால் பதில் வர வேண்டும். வெறும் படம் அதற்குப் பதில் சொல்லாது. இந்த யோசனை கணினிக்கும் முந்தையது. 1854-இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், இறப்புகள் நடந்த வீடுகளையும் தண்ணீர்ப் பம்புகளையும் ஒரே வரைபடத்தில் குறித்தார், பிராட் தெருப் பம்பைச் சுற்றித்தான் இறப்புகள் குவிந்திருந்தன. இரண்டு லேயர், ஒரு கேள்வி. இதைக் கணினிக்குள் கொண்டுவந்தது 1960-களில், கனடாவில் ரோஜர் டாம்லின்சன் நிலக் கணக்கெடுப்புக்காகச் செய்த வேலை.

இப்போது கடலுக்கு வருவோம்.

உங்கள் கிணறு ஒன்று தீர்க்கரேகை 77.5, அட்சரேகை 11.2 என்று வைத்துக்கொள்வோம். இவை டிகிரி. ஆனால் அந்த எண்ணைப் பார்த்தால் டிகிரியா மீட்டரா என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும், அதற்குப் பெயர்தான் சிஆர்எஸ், ஆள்கூற்று முறை. நீங்கள் பின்னணிக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தைப் போட்டிருப்பீர்கள், அது இபிஎஸ்ஜி 3857 என்ற முறை, அதன் அலகு மீட்டர். கோப்பைச் சேர்க்கும்போது அதையே தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். உடனே மென்பொருள் என்ன செய்கிறது, பூமத்திய ரேகையும் கிரீன்விச் ரேகையும் வெட்டுகிற 0, 0 புள்ளியிலிருந்து கிழக்கே 77.5 மீட்டர், வடக்கே 11.2 மீட்டர் நடந்து போய்ப் புள்ளியை வைக்கிறது. அந்த 0, 0 இருப்பது ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கினி வளைகுடாவில். இன்னொரு கிணறு 77.9-இல் இருந்தாலும் இரண்டுக்கும் நடுவே 40 சென்டிமீட்டர்தான், அதனால்தான் 200-ம் ஒன்றாகத் தெரிகிறது. வழிதவறிய தரவெல்லாம் வந்து சேர்கிற இடம் என்பதால் அதற்கு 'நல் ஐலண்ட்' என்று கேலிப் பெயரே உண்டு, அங்கே தீவு ஒன்றும் கிடையாது.

சரிசெய்வது சுலபம். லேயரை ரைட் கிளிக் செய்து அதன் சிஆர்எஸ்ஸை இபிஎஸ்ஜி 4326 என்று மாற்றுங்கள், ஜிபிஎஸ் தருகிற, டபிள்யூஜிஎஸ் 84 என்ற முறையின் டிகிரிகள் அதுதான். இங்கே ஒரு எச்சரிக்கை. இப்படி மாற்றுவது மேலே ஒட்டியிருக்கிற சீட்டை (லேபிளை) மாற்றுவது, எண்கள் அப்படியே இருக்கும். சீட்டு தப்பாக ஒட்டியிருந்தால் மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும். 'லிட்டர்' என்ற சீட்டைக் கிழித்து 'மில்லிலிட்டர்' என்று ஒட்டினால் பாத்திரத்தில் தண்ணீர் கூடிவிடாது இல்லையா? எண்களே மாற வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து வேறு சிஆர்எஸ்ஸில் புதிய கோப்பாகச் சேமிக்க வேண்டும்.

அது எப்போது தேவை? அந்த 500 மீட்டர் கேள்விக்குத்தான். 4326-இல் வைத்துக்கொண்டு பஃபர் (ஆற்றைச் சுற்றி இத்தனை தூரம் என்று எல்லை போடுவது) 500 என்று கொடுத்தால் 500 டிகிரி என்று எடுத்துக்கொண்டு உலகத்தையே மூடிவிடும். அட்சரேகையில் ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர்; தீர்க்கரேகையில் பூமத்திய ரேகையில் மட்டும்தான் அதே அளவு, 60-வது அட்சரேகைக்குப் போனால் பாதியாகிவிடும். அலகு மீட்டர்தானே என்று 3857-இலும் அளக்காதீர்கள், 60-வது அட்சரேகையில் அது நீளத்தை இரண்டு மடங்காகக் காட்டும். யூடிஎம் என்ற, மீட்டரில் அளக்கிற சிஆர்எஸ்ஸுக்கு மாற்றுங்கள். அதில் பூமியை 6 டிகிரி அகலத்தில் 60 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். தீர்க்கரேகையோடு 180-ஐக் கூட்டி 6-ஆல் வகுத்து மேலே முழுமையாக்கினால் மண்டல எண் வரும். 77.5-க்கு 43.

அப்புறம், சிஆர்எஸ் சரியாக இருந்தும் புள்ளிகள் வடதுருவத்துப் பக்கம் ஸ்வால்பார்டு அருகே கடலில் விழுந்தால் அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருக்கின்றன. பேச்சில் அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகிவிட்டோம், மென்பொருளில் எக்ஸ் என்றால் தீர்க்கரேகை, ஒய் என்றால் அட்சரேகை. இதில் நானே எத்தனை முறை மாட்டியிருக்கிறேன் என்று கணக்கில்லை.

எல்லாம் சரி, ஆனால் கிணறுகள் சில கிலோமீட்டர் தள்ளி நிற்கின்றன என்றால் உங்கள் எக்செலைத் திறந்து பாருங்கள். 11 டிகிரி 12 நிமிடம் என்பதை யாரோ 11.12 என்று அடித்திருப்பார்கள். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஆகவே அது 11.2. அந்தச் சின்ன வித்தியாசம் தரையில் கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர். இதற்கு மென்பொருள் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது, ஒவ்வொரு வரியாக நீங்கள்தான் பார்க்க வேண்டும்.