சொந்தத்தில் கட்டாத வீட்டிலும்

பெரியவர்களே, நண்பர்களே, வணக்கம்.

நம் புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் பரம்பரை நோய் என்று பேச்செடுத்தால் உடனே வரும் பதில், "நாங்க சொந்தத்துல கட்டலியே!" என்பதுதான். மாமன் மகளையோ அக்காள் மகளையோ கட்டினால் ஆபத்து கூடும் என்பது உண்மை. ஆனால் சொந்தத்தில் கட்டாததால் மட்டும் தப்பிவிட முடியாது.

கனடாவின் கியூபெக்கைப் பாருங்கள். 1674-இல் பிரெஞ்சுக்காரரான பிரான்சுவா மார்த்தேன் இங்கே புதுச்சேரிக்கு வந்து நிலைகொண்ட காலத்தை ஒட்டி, அங்கே சார்லவுவா பகுதியில் பிரெஞ்சுக் குடும்பங்கள் சில குடியேறின. (அந்த வகையில் நமக்கும் தூரத்து உறவுதான்!) வீடு நிறையப் பிள்ளைகள். 1838 முதல் அவர்களின் வாரிசுகள் பக்கத்து சாகுனேப் பகுதிக்கும் பரவினார்கள்.

1978-இல் அங்கே ஒரு நரம்பு நோயை மருத்துவர்கள் விவரித்தார்கள். பிள்ளை நடக்கத் தொடங்கும்போதே தெரிந்துவிடும்: தள்ளாடும், தடுக்கி விழும். வளர வளரக் கால் விறைக்கும், பாதம் வளையும், பேச்சு குழறும். நாற்பதை ஒட்டிப் பலர் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுகிறார்கள்.

காரணம் 2000-இல் பிடிபட்டது. 13-ஆம் குரோமோசோமில் உள்ள சாக்ஸ் என்ற மரபணு. உடல் மரபணுவை மும்மூன்று எழுத்தாகப் படிக்கும். அதில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அதற்கப்புறம் எல்லாம் ஓர் எழுத்து தள்ளிப்போய், புரதம் பாதியில் நின்றுவிடுகிறது. அங்குள்ள நோயாளிகளில் பெரும்பாலோரிடம் அச்சு அசலாக அதே பிழை! முதலில் குடியேறியவர்களில் யாரோ ஒருவரிடமிருந்து வந்திருக்க வேண்டும். இந்த மரபணு நம் எல்லோரிடமும் அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று இரண்டு பிரதி இருக்கும். ஒரு பிரதி நன்றாக இருந்தால் நோய் வராது, அவருக்கே தெரிந்திருக்காது.

இன்று சாகுனேயில் ஏறக்குறைய 22 பேரில் ஒருவர் பிழையுள்ள ஒரு பிரதியைச் சுமக்கிறார். கணக்குப் போடுங்கள். கணவன் மனைவி இருவருமே அப்படி அமைய 484-இல் ஒரு வாய்ப்பு. அமைந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்புதான். ஆக, 1,900 பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் நோய். இத்தனைக்கும் அங்கே நெருங்கிய சொந்தத்தில் கட்டுவது அபூர்வம்.

சரி, நம் கதை? 2017-இல் வந்த ஓர் ஆய்வு தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்தது. அவற்றில் 81-இல், சில முன்னோரிடமிருந்தே பெருகிய தடயம், அதற்குப் பேர்போன ஃபின்லாந்துக்காரர்களைவிட அழுத்தமாக இருந்தது. சாதிக்குள்ளேயே கட்டுகிறோம், 'அந்நியம்' என்று நினைக்கும் சம்பந்தமும் பல தலைமுறைக்கு முன் ஒரே வீடாக இருந்திருக்கலாம். மருமகள் வழியில் வந்த வினை என்று பேசும் மாமியார்களுக்கு ஒன்று: இந்த வகை நோயில் இரு பக்கமும் சமபங்கு.

ஆகவே, நடை தள்ளாடும் பிள்ளையை நரம்பு மருத்துவரிடம் கூட்டிப்போனால், "சொந்தமா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்பதோடு நிறுத்தாதீர்கள். இரு பக்கத்துத் தாத்தா பாட்டிக்கும் பூர்வீகம் எது, குலதெய்வக் கோயில் எந்த ஊரில் என்பதையும் சொல்லுங்கள்.