குறி தப்பவில்லை, கட்டடம்தான் தவறு! ‘துல்லிய குண்டு’ என்பதன் உண்மைப் பொருள் என்ன?

வணக்கம், நேயர்களே. 1999 மே 7 அன்று இரவு, அன்றைய யூகோஸ்லாவியாவின் தலைநகர் பெல்கிரேடில் அமெரிக்காவின் பி-2 விமானம் வீசிய ஐந்து குண்டுகள், குறித்துக் கொடுக்கப்பட்ட கட்டடத்தின் மீதே விழுந்தன. யூகோஸ்லாவிய இராணுவத்தின் ஆயுதக் கொள்முதல் அலுவலகம் என்று எண்ணிக் குறிவைக்கப்பட்ட அந்தக் கட்டடம், உண்மையில் சீனத் தூதரகம். சீனப் பத்திரிகையாளர் மூவர் உயிரிழந்தனர். அப்படியானால் ‘துல்லியம்’ என்ற சொல் எதைத்தான் குறிக்கிறது?

வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1943 செப்டம்பரில் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ்-எக்ஸ் என்ற வானொலிக் கட்டுப்பாட்டுக் குண்டு இத்தாலியின் ரோமா போர்க்கப்பலை மூழ்கடித்தது; பல ஆண்டுத் தாக்குதல்களுக்கும் அசையாத வியட்நாமின் ‘தான் ஹோவா’ பாலம், 1972 மே மாதம் லேசர் ஒளியால் வழிகாட்டப்படும் குண்டுகளால் உடைந்தது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி: புறா! இரண்டாம் உலகப்போரின்போது, உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் குண்டின் மூக்கில் மூன்று புறாக்களை அமர்த்தத் திட்டமிட்டார். லென்ஸ் வழியாகத் திரையில் விழும் இலக்கின் உருவத்தைக் கொத்துவதற்கு அவை பழக்கப்படுத்தப்பட்டன. கொத்து நடுவில் விழுந்தால் குண்டு நேரே செல்லும். ஓரமாக விழுந்தால் அந்தப் பக்கம் திரும்பும். கருத்து வேறுபட்டால் பெரும்பான்மைப் புறாக்களின் முடிவே செல்லும். கேலிக்கு ஆளான அத்திட்டம் 1944-இல் கைவிடப்பட்டது. ஆனால் பிற்காலத்து லேசர் குண்டின் மூக்கைப் பாருங்கள்: இலக்கில் பட்டுத் தெறிக்கும் லேசர் ஒளியை நான்கு கூறுகளாகப் பிரிந்த ஓர் உணரி பெறுகிறது, எந்தக் கூறில் ஒளி மிகுதியோ, அந்தத் திசைக்குச் சிறகுகள் குண்டைத் திருப்புகின்றன. புறாவின் வேலையேதான், தீனிச் செலவு மட்டும் இல்லை! இந்த ஒப்புமையை இதற்கு முன் கவனித்திருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.

துல்லியத்தை அளப்பது ‘வட்டப் பிழை’ என்ற கணக்கு. ஒரு குண்டின் வட்டப் பிழை 5 மீட்டர் என்றால், வீசப்படும் குண்டுகளில் பாதி அந்த ஆரமுள்ள வட்டத்துக்குள் விழும் என்பதே பொருள்; மறுபாதி வெளியே விழும். வெடிப்பு எவ்வளவு தூரம் பரவும் என்பதை அந்த எண் சொல்வதே இல்லை. சுமார் 900 கிலோ எடையுள்ள மார்க்-84 குண்டில் ஏறத்தாழ 430 கிலோ வெடிமருந்து இருக்கிறது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெல்கிரேடில் விழுந்தது ஜேடாம் வகை. சாதாரண குண்டின் வாலில் பொருத்தப்படும் இந்தக் கருவி எதையும் பார்ப்பதில்லை, ஜி.பி.எஸ். உதவியுடன், கொடுத்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களுக்குரிய இடத்தைத் தேடிப் போகிறது. ஆகவே எண் தவறினால், தவறான இடத்துக்கும் அதே துல்லியத்துடன் போகும். 2001 டிசம்பர் 5 அன்று ஆப்கானிஸ்தானில், இலக்கின் இடத்தைக் குறித்த அமெரிக்க வீரர் ஒருவர் தமது ஜி.பி.எஸ். கருவியின் மின்கலத்தை மாற்றினார். மீண்டும் இயங்கிய கருவி, இலக்கின் இடத்தை விட்டுவிட்டு, அவர் நின்ற இடத்தையே காட்டியது. அந்த எண்களே விமானத்துக்கு அனுப்பப்பட்டன. மூன்று அமெரிக்க வீரர்களும் அவர்களுடன் இருந்த ஆப்கானியர் சிலரும் மாண்டனர். அங்கும் குண்டு குறி தப்பவில்லை.