காய்ச்சல் காட்டாத தொற்று

வணக்கம், நேயர்களே.

நான் 32 ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிந்தவள். அவற்றுள் பெரும்பகுதி ஹார்மோன் கோளாறு உள்ளவர்களைச் சேர்க்கும் வார்டிலும், கடைசிச் சில ஆண்டுகள் மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புப் பொறுப்பிலும் கழிந்தன. சுரப்பிகளைப் பற்றிய வேலை ஒன்று, கிருமிகளைப் பற்றிய வேலை மற்றொன்று என்று பிரித்துப் பார்ப்பதுதான் வழக்கம். எனக்கு அது வேலை மாற்றமாகவே தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

ஹார்மோன் கோளாறு என்றதும் தைராய்டுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் நம் வீடுகளில் மிகுதியாக இருக்கும் ஹார்மோன் கோளாறு சர்க்கரை நோய். கணையம் சுரக்கும் இன்சுலின் ஒரு ஹார்மோன். அது போதாமல் போவதோ, இருந்தும் உடல் அதற்குச் செவிசாய்க்காமல் இருப்பதோதான் சர்க்கரை நோய். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது கூடினால் ஒரு நோய், குறைந்தால் வேறொரு நோய். மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் தோல் நோய்க்கும் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்குகிறவர்களையும் இவர்களோடு சேர்த்தே பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த மாத்திரை உடலுக்குள் கார்ட்டிசாலின் வேலையைத்தான் செய்கிறது. இவர்கள் அனைவருக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு. கிருமி உள்ளே புகுந்தால் அது சத்தம் போடாமல் வளரும்.

ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். வயது அறுபதை நெருங்கியவர், கிராமத்திலிருந்து வந்தவர், சர்க்கரை கட்டுக்குள் வரவில்லை என்று எங்கள் வார்டில் சேர்க்கப்பட்டவர். மூன்று நாளில் இன்சுலின் அளவு சரிப்பட்டு, காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை 140-க்கு அருகில் வந்துவிட்டது. நான்காம் நாள் 210. ஐந்தாம் நாள் 290. சாப்பாடு மாறவில்லை, ஊசியும் தவறவில்லை. காய்ச்சல் அட்டவணையில் நான்கு வேளையும் 98.4, 98.6 என்றே எழுதியிருந்தது. எங்காவது வலிக்கிறதா என்று கேட்டால், "ஒண்ணுமில்லை தாயி, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். பயிற்சி மருத்துவர் இன்சுலினைக் கூட்டி எழுதியிருந்தார். அதில் தவறும் இல்லை. ஆனால் காரணம் தெரியாமல் சர்க்கரை ஏறினால், உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த சிஸ்டர் ஒருவர் சொல்லியிருந்தார். ஏறுகிற சர்க்கரையே அந்த நோயாளியின் காய்ச்சல் என்பது அவர் வாக்கு.

அன்று போர்வை மாற்றும் சாக்கில் திரையை இழுத்துவிட்டுப் பார்க்கத் தொடங்கினேன். வாய்க்குள் பார்த்தேன். அக்குள், மார்பின் அடிமடிப்பு, இன்சுலின் போடும் வயிற்றுப் பகுதி, புறங்கையில் ட்ரிப்ஸ் ஊசி ஏற்றியிருந்த இடம், இடுப்பின் பின்புறம் எல்லாம் பார்த்தேன். கடைசியாகப் பாதங்கள். இடது காலின் இரண்டாம் விரலில் இரண்டு சுற்று வெள்ளி மெட்டி. விரல் வீங்கியிருந்ததால் அது தோலுக்குள் பதிந்து கிடந்தது. சற்றே நகர்த்தியதும், அடியில் ஒரு மிளகளவுக்குத் தோல் வெளுத்து ஊறிப் பிரிந்திருந்தது தெரிந்தது. அதற்குள்ளிருந்து சீழ் வந்தது. அந்த அம்மாவுக்குக் கால் மரத்துப் போயிருந்தது. நான் மெட்டியை நகர்த்தியதே அவருக்குத் தெரியவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெட்டியைக் கழற்ற வேண்டும் என்றதும் அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "அவுக நல்லா இருக்கையில நான் எப்படிக் கழட்டுவேன்?" என்று கேட்டார். நேயர்களே, அந்த மறுப்பை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 40 ஆண்டுகளாக ஒரு பெண் சுமந்த பொருளை, நேற்றுச் சந்தித்த நான் ஒரு நிமிடத்தில் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட முடியாது. மருத்துவரிடம் சொல்லி, காயத்தைக் காட்டி, மருந்து தொடங்கச் செய்துவிட்டு, மாலை பார்வையாளர் நேரம் வரை காத்திருந்தேன். கணவர் வந்தார். அவரைத் தனியே அழைத்து, விரல் போகலாம், விரலோடு நிற்காமல் பாதமும் போகலாம் என்று மறைக்காமல் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நான் போட்டுவிட்டதுதானே, நானே கழட்டுறேன்" என்றார். அவரைக் கை கழுவ வைத்து, கையுறை மாட்டிவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவிக் கொடுத்தோம். மெட்டியின் வாயை அவர் மெல்ல மெல்லப் பிரித்துக் கழற்றினார். அந்த மெட்டியைத் தேய்த்துக் கழுவிக் கொதிநீரில் போட்டு எடுத்த பிறகு, அந்த அம்மா அதைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டார். பதினோராம் நாள் வீட்டுக்குப் போகும்போது விரல் இருந்தது, சர்க்கரையும் இறங்கியிருந்தது.

அதன் பிறகு எங்கள் வார்டில், புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் காலுறை, செருப்பு, மெட்டி, காலில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் நகர்த்தி, விரலிடுக்குகளையும் பார்த்து, பார்த்ததை ரிப்போர்ட் புத்தகத்தில் எழுதுவது என்று வைத்துக்கொண்டோம். அதற்கு ஐந்து நிமிடம் ஆகும்.

ஏன் காய்ச்சல் வரவில்லை என்று நீங்கள் கேட்கலாம். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கும்போது, கிருமிகளை விழுங்க வேண்டிய வெள்ளையணுக்கள் மந்தமாகின்றன. நீண்ட நாள் சர்க்கரை நரம்பைக் கெடுப்பதால் வலி தெரியாது. இரத்தக் குழாயைச் சுருக்குவதால் மருந்தும் அந்த இடத்துக்குப் போதிய அளவு போய்ச் சேராது. ஸ்டீராய்டு எடுப்பவர்களிடம் நிலைமை இன்னும் ஏமாற்றக்கூடியது. வீக்கம், சிவப்பு, சூடு, காய்ச்சல் என்று உடல் எழுப்பும் எச்சரிக்கைகளையே அந்த மருந்து அடக்கிவிடுகிறது. வயிற்றுக்குள் பெரிய தொற்று இருந்தும் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன்: இவர்களிடம் காய்ச்சல் இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புதிதாக வந்த சோர்வு, பசியின்மை, பேச்சில் ஒரு குழப்பம், காரணமில்லாமல் ஏறும் சர்க்கரை ஆகிய இவற்றையே காய்ச்சலாக எண்ணிக்கொள்ளுங்கள்.

2021-ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனாவின் இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை என்ற சொல் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அந்த மே மாதத்திலேயே தமிழ்நாடு அரசு அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அந்தப் பூஞ்சை புதிய கிருமி அன்று. மண்ணிலும் மட்கிய இலையிலும் எக்காலமும் இருப்பது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் அன்று. கட்டுப்படாத சர்க்கரை, அதன் மேல் உயிர் காக்கக் கொடுத்த ஸ்டீராய்டு, அந்த ஸ்டீராய்டால் மேலும் ஏறிய சர்க்கரை என்று மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தபோது அது மூக்கின் வழியே புகுந்து கண்ணுக்கும் மூளைக்கும் பரவியது. கன்னம் ஒரு பக்கம் மரத்திருக்கிறது, மேல்வரிசைப் பல் ஆடுகிறது என்று நோயாளி சொன்னதை அன்றே காதில் வாங்கிய இடங்களில் கண்கள் தப்பின. ஹார்மோனும் தொற்றும் ஒரே வேலை என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

இனி கைகளுக்கு வருகிறேன். என்னை அறிந்தவர்கள், இந்த அம்மா எங்கே தொடங்கினாலும் கை கழுவுவதில்தான் வந்து நிற்பார் என்பார்கள். நிற்கத்தான் செய்வேன், ஏனென்றால் கிருமிக்குக் கால் இல்லை; ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு அதை எடுத்துச் செல்வது பெரும்பாலும் எங்கள் கைதான்.

ஒரு நாள் காலை, நன்றாக இருந்த பெரியவர் ஒருவருக்குக் குளுக்கோமீட்டர் 386 காட்டியது. பணிக்கு வந்து ஒரு மாதமே ஆன பெண் பதறிப்போய் என்னிடம் ஓடிவந்தாள். நான் போய் அவருடைய விரலைத் தொட்டேன், பிசுபிசுத்தது. முந்தின இரவு பழனியிலிருந்து திரும்பிய உறவினர் பஞ்சாமிர்தம் கொடுத்திருக்கிறார். பெரியவர் அதை உண்ணவில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்கு இலையில் எடுத்துக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலரவிட்டு மறுபடி பார்த்தபோது 142. முதலில் வந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டிருந்தால், சர்க்கரை தாழ்ந்து அவர் மயங்கியிருப்பார். ஸ்பிரிட் பஞ்சால் ஒருமுறை துடைப்பது இதற்குப் போதாது; விரலில் ஒட்டிய இனிப்பு தண்ணீரில்தான் போகும். வீட்டில் சர்க்கரை பார்ப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே சோப்பும் தண்ணீரும் ஊசி குத்தும் இடத்திலிருந்து கிருமியையும் நீக்குகின்றன. ஒரே கழுவலில் அளவும் சரியாகிறது, தொற்றும் தடுக்கப்படுகிறது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு எளிது. கிருமிநாசினித் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். சோப்பும் தண்ணீரும் என்றால் தொடக்கம் முதல் முடிவு வரை 40 முதல் 60 விநாடி. பெரும்பாலோர் உள்ளங்கையைத் தேய்த்துவிட்டுக் கட்டைவிரலையும் நகநுனிகளையும் விட்டுவிடுகிறார்கள். நோயாளியைத் தொடுவது நகநுனிகள்தாம். கையுறை போட்டிருக்கிறேனே என்று சிலர் கேட்பார்கள். ஒரே கையுறையுடன் பத்துக் கட்டில்களுக்குப் போனால் அது போட்டிருப்பவரைக் காக்குமே தவிர நோயாளியைக் காக்காது. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சில கிருமிகள் கிருமிநாசினித் திரவத்துக்கு அடங்காதவை. அங்கே சோப்பும் ஓடும் தண்ணீரும்தான்.

இன்னொன்று, விரலில் குத்தும் ஊசி. வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சர்க்கரை இருந்தால், ஒரே குத்தும் பேனாவை இருவரும் எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஊசியை மாற்றிவிட்டோமே என்பார்கள். மஞ்சள் காமாலை உண்டாக்கும் ஹெப்படைடிஸ் பி வைரஸ், கண்ணுக்குத் தெரியாத உலர்ந்த இரத்தத் துளியில் ஏழு நாள் வரை உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் இப்படிப் பகிர்ந்துகொண்ட குத்தும் கருவிகளால் அந்த நோய் பரவியது பதிவாகியிருக்கிறது. இன்சுலின் பேனாவும் அப்படியே: ஊசி போடும்போது ஒரு துளி இரத்தம் பின்னோக்கி மருந்துக் குப்பிக்குள்ளேயே போகக்கூடும், எனவே ஊசியை மாற்றினாலும் ஒருவருடைய பேனா ஒருவருக்கு மட்டுமே. எங்கள் வார்டில் பேனாவின் மூடியில் அல்ல, பேனாவின் தண்டிலேயே நோயாளியின் பெயரை ஒட்டினோம், ஏனென்றால் மூடி மாறிவிடும்.

இன்சுலினின் கதையைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. கனடாவின் டொராண்டோ நகர மருத்துவமனையில் 1922 ஜனவரி 11-ஆம் நாள், லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக அது செலுத்தப்பட்டது. எலும்பும் தோலுமாகக் கிடந்த பிள்ளை. அன்று போட்ட மருந்து போதிய தூய்மை இல்லாதது. சர்க்கரை சிறிதே இறங்கியது, ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்தது. ஜேம்ஸ் காலிப் என்பவர் அதை மேலும் தூய்மைப்படுத்த, ஜனவரி 23-ஆம் நாள் மறுபடி செலுத்தினார்கள்; பையன் எழுந்து உட்கார்ந்தான். அதன் பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். 1935-இல் அவன் உயிரைக் கொண்டுபோனது நிமோனியா. இன்சுலின் கிடைத்தவனைத் தொற்று கொண்டுபோயிற்று. அந்தக் காலத்தில் அதற்கு ஈடுகொடுக்க நல்ல மருந்து இல்லை. இன்று மருந்து இருக்கிறது. ஆனால் தேவையின்றி விழுங்கி விழுங்கி அந்த மருந்துகளுக்குக் கிருமிகளைப் பழக்கிக்கொண்டிருக்கிறோம் என்பது என் பெரிய கவலை.

சிறுநீர்க் குழாய் போட்டவர்களைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். கடிகாரம் இடம் தரவில்லை. இரண்டு மட்டும் சொல்கிறேன். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது. குழாய் இன்றும் தேவையா என்று நாள்தோறும் மருத்துவரைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஸ்டீராய்டு எடுப்பவர்களும், அட்ரினல் சுரப்பு குறைந்தவர்களும் உடம்பு சரியில்லாத நாளில் மாத்திரையை நிறுத்தவே கூடாது. நோயுற்ற உடலுக்கு அந்த ஹார்மோன் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேவை. எவ்வளவு கூட்டுவது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்திருங்கள். வாந்தியால் மாத்திரை தங்கவில்லை என்றால் காத்திருக்க நேரமில்லை. உடனே மருத்துவமனையில் ஊசியாகப் போட்டாக வேண்டும்.

நேரம் முடிந்துவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். தைராய்டு பற்றி ஒரே ஒரு செய்தி. தைராய்டு மிகுதியாகச் சுரப்பதற்காகக் கார்பிமசோல் மாத்திரை எடுப்பவர்களில் ஆயிரத்தில் ஒரு சிலருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள், வெள்ளையணுக்கள் திடீரென்று குறைந்துபோகும். தொண்டை வலி, வாய்ப்புண், காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும், அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வணக்கம்.