முதலில் தேதியைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில் அகதிகளை வைத்துப் பராமரிக்கும் நிரந்தர முகாம்கள் கிடையாது. காங்கோ, புருண்டி, சோமாலியா, எத்தியோப்பியா என்று எங்கிருந்து தப்பி வந்தாலும், டர்பனுக்கு வருகிறவர் நேரே நம் தெருவுக்குத்தான் வருகிறார். நகர மையத்தில் ஓர் அறையை நாலைந்து பேரோடு பங்குபோட்டுக்கொள்வார். இல்லையென்றால் நம் இந்தியர் குடியிருப்புகளான சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ யாராவது வீட்டு அவுட்பில்டிங்கில், அதாவது வீட்டை ஒட்டிய தனி அறையில், வாடகைக்கு இருப்பார். வேலை செய்யலாம், பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த உரிமை எல்லாம் ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

உதவ வேண்டும் என்றதும் நம் சங்கக் கூட்டங்களில் பழைய துணியும் மளிகைப் பையும்தான் முதலில் பேச்சில் வரும். கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் அவர் கையிலுள்ள பெர்மிட், அதாவது இங்கே இருக்க அனுமதிக்கும் சீட்டு, எந்தத் தேதியோடு முடிகிறது என்று கேளுங்கள்.

1998ஆம் ஆண்டின் அகதிகள் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் தெரிந்தால் போதும். புகலிடம் கேட்ட மனு இன்னும் முடிவாகாதவருக்குப் பிரிவு 22, அகதி என்று ஏற்கப்பட்டவருக்குப் பிரிவு 24. பிரிவு 22 சீட்டு சில மாதங்களுக்கே செல்லும். தேதி தாண்டினால் வங்கி கணக்கை முடக்கும். கணக்கு முடங்கினால் சம்பளம் கைக்கு வராது. முதலாளி அதிகாரிகளின் சோதனைக்குப் பயந்து வேலையை விட்டு நிறுத்துவார், போலீஸ் வழியில் மறித்தால் கைதாகவும் நேரும். சீட்டும் எண்ணும் இல்லாமல் கரும்புத் தோட்ட எல்லையைத் தாண்ட முடியாத காலத்தை ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்த நம் பாட்டன்மார் பார்த்திருக்கிறார்கள். இதன் கனத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2021இலிருந்து சீட்டின் நீட்டிப்பை இணையவழியாகவே கேட்கலாம். கோளாறும் அங்கேதான் தொடங்குகிறது. இன்டர்நெட் கஃபே பையன் அவசரமாக ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கி மனுவை அனுப்பிவிடுவான், கடவுச்சொல் அவனோடு போய்விடும். புதிய சீட்டு வந்து சேரும், திறக்க ஆளிருக்காது. ஆகவே மின்னஞ்சலை அவர் கைப்பேசியிலேயே உண்டாக்குங்கள், கடவுச்சொல்லை அவர் கையாலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். தேதி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே மனுவை அனுப்புங்கள். சீட்டு வந்ததும் பெயரின் எழுத்து, பிறந்த தேதி, கோப்பு எண் மூன்றையும் பழைய சீட்டோடு ஒப்பிடுங்கள். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சீட்டு வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இங்கே பிறந்த கைக்குழந்தையைக் குடும்பக் கோப்பில் சேர்க்க விட்டுப்போவது சகஜம். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வேறிடத்தில் வைக்கச் சொல்லுங்கள். இவை எதற்கும் அரசாங்கக் கட்டணம் இல்லை. அகதிகள் அலுவலக வாசலில் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் அவர் தரகர்தான். தேதி ஏற்கெனவே போய்விட்டதென்றாலும் கைவிட வேண்டாம். ஒரு மாதம் தாண்டினால் மனுவையே கைவிட்டதாகக் கொள்ளும் விதியை அரசியல் சாசன நீதிமன்றம் 2023 டிசம்பரில் செல்லாது என்று தள்ளிவிட்டது.

வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உரிய அனுமதி இல்லாத வெளிநாட்டவருக்கு இடம் கொடுப்பது குடிவரவுச் சட்டப்படி குற்றம், அதனால் உங்கள் பயம் நியாயமானது. ஆனால் செல்லுபடியாகும் பிரிவு 22 சீட்டு உள்ளவர் சட்டப்படி இங்கே இருப்பவர். பிரதி வாங்கிக்கொண்டு, வாடகையும் மின்சாரமும் எவ்வளவு, எப்படி என்று எழுத்தில் போடுங்கள். ரொக்கம் வாங்கினால் ரசீது கொடுங்கள். பின்னால் வரும் சண்டைகளில் பாதி இந்த ரசீது இல்லாததால் வருவதுதான்.

பள்ளிக்கூடத்தில் காகிதம் இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பினால், 2019 டிசம்பரில் மக்காண்டா உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பை எடுத்துக்காட்டுங்கள். ஆவணம் இல்லாத பிள்ளையையும் சேர்க்க வேண்டும் என்கிறது அது. கட்டணம் வாங்கும் பள்ளியென்றால் கட்டண விலக்குக்கான படிவம் கேட்டு வாங்க வேண்டும். அந்தப் படிவம் தானாக வீடு தேடி வராது. கிளினிக்குக்குப் போகும்போது பத்து வயதுப் பெண்ணைத் தாய்க்கு மொழிபெயர்க்க விடாதீர்கள். தாய் சொல்ல வேண்டியதைச் சொல்லமாட்டாள், பிள்ளை கேட்கக்கூடாததைக் கேட்கும். ஸ்வாஹிலியோ பிரெஞ்சோ தெரிந்த ஒரு பெரியவரைக் கைப்பேசியில் பிடித்து, ஸ்பீக்கரைப் போட்டால் ஆயிற்று.

இனி சாப்பாடு. ஒரு சிறு குடும்பத்துக்குப் பத்து கிலோ மக்காச்சோள மாவு, ஐந்து கிலோ அரிசி, இரண்டு லிட்டர் எண்ணெய், உப்பு, சர்க்கரை, மீன் டப்பா சில. பீன்ஸ் கொடுக்கத் தோன்றும். ஒற்றைத் தட்டு மின் அடுப்பில் அது வேக நேரமாகும், முன்கூட்டிப் பணம் கட்டிய மின்சார யூனிட் கரைந்துவிடும். துவரம்பருப்போ மைசூர்ப் பருப்போ கொடுத்தால் சீக்கிரம் வேகும். சோமாலியக் குடும்பத்துக்கு ஹலால் குறி பார்த்து வாங்குங்கள்.

கோயில் சமையல் சைவம் என்பதால் ஹலால் தொல்லை இல்லை என்று நினைப்போம். ஆனால் படைத்த சோற்றை முஸ்லிம்கள் பலரும் கிறிஸ்தவர்கள் சிலரும் உண்ணமாட்டார்கள். நம் முகத்துக்காக வாங்கிக்கொண்டு போய் ஓரமாக வைத்துவிடுவார்கள். நைவேத்தியத்துக்கு முன்பே ஒரு அண்டாவைத் தனியாக எடுத்துவைத்து, ‘இது படைக்காதது’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பரிமாறுங்கள். அன்னதானத்துக்கு இதனால் ஒன்றும் குறைவில்லை.

படம் எடுக்காதீர்கள். கொடுப்பவரும் வாங்குபவரும் சிரித்தபடி நிற்கும் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டால், அவர் யாரிடமிருந்து ஓடிவந்தாரோ அவர்களுக்கும் முகவரி கிடைக்கும். புகலிட மனு விவரங்கள் ரகசியமாக இருக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது.

கடைசியாக, அக்கம்பக்கம். 2015 ஏப்ரலில் வெளிநாட்டவர் மீது தாக்குதல் கிளம்பியபோது டர்பன் பக்கத்து இசிபிங்கோவிலும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஓடிவந்தவர்களுக்குத் தற்காலிகக் கூடாரங்கள் போட்டார்கள். கூடாரம் போடுவது சுலபம், அதே தெருவுக்குத் திரும்பக் குடியேற்றுவதுதான் கடினம். கிளினிக் வரிசையில் தானும் நிற்கும் ஏழைக்கு, பக்கத்து வீட்டு அந்நியருக்கு மட்டும் பை வருவதைப் பார்த்தால் வயிறெரியத்தான் செய்யும், அதைக் குறைசொல்ல முடியாது. மளிகைப் பைகளில் பாதி உள்ளூர்க் குடும்பங்களுக்குப் போகட்டும். சனிக்கிழமை ஆங்கில வகுப்பு நடத்தினால் இசிசூலு (சூலு மொழி) பேசும் பாட்டிகளையும் அழையுங்கள், அவர்களே மறுபாதி நேரம் இசிசூலு சொல்லித்தரட்டும். தொடங்குமுன் வார்டு கவுன்சிலரிடமும் தெருவின் நாலு பெரியவர்களிடமும் சொல்லிவிடுங்கள். பெர்மிட் சிக்கல் பெரிதானால் நீங்களே வக்கீலாகப் பார்க்காதீர்கள். டர்பன் இம்மானுவேல் பேராலயத்தை ஒட்டியுள்ள டெனிஸ் ஹர்லி மையம் என்ற உதவி மையத்தில் விசாரித்தால் எங்கே போக வேண்டுமென்று வழி காட்டுவார்கள். போகும்போது பழைய சீட்டுகளையும் தூக்கிப்போடாமல் கொண்டுபோகச் சொல்லுங்கள், கோப்பு எண் அவற்றில்தான் இருக்கும். வணக்கம்.