பழைய கணினியை மாற்றும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

ரயில் முன்பதிவு கவுண்டரில் நின்றவர்கள் கவனித்திருப்பீர்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற திரையில் படமோ வண்ணமோ இருக்காது, வெறும் எழுத்துகள்தான். எழுத்தர் மவுஸைத் தேடமாட்டார். விசைப்பலகையில் படபடவென்று தட்டுவார். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிர்ரென்று ஓடும். டிக்கெட் வந்துவிடும். பார்த்தால் ஏதோ அருங்காட்சியகத்துப் பொருள் போலத் தெரியும். ஆனால் உங்கள் கைபேசியில் ஐஆர்சிடிசி வழியாக நீங்கள் எடுக்கும் டிக்கெட்டுக்கும் பின்னால் நின்று படுக்கை ஒதுக்குவது இதே முன்பதிவுக் கணினிதான். மேலே இருக்கிற முகப்புதான் புதிது.

இந்தக் கணினி முன்பதிவு 1985-இல் டெல்லியில் தொடங்கியது. பிறகு சென்னை, மும்பை, கொல்கத்தா, செகந்திராபாத் என்று பரவி, 1999-இல் ஐந்து மையங்களும் ஒரே வலையாக இணைந்தன. 2025-இலும் ஓடிக்கொண்டிருந்தது 2010-இல் நிறுவியதுதான். இட்டானியம் என்ற வகை சர்வர்களில், ஓப்பன் விஎம்எஸ் என்ற இயங்குதளத்தில் ஓடியது. அந்த இயங்குதளத்தின் பிறப்பு 1977. அதை உருவாக்கிய டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தை 1998-இல் காம்பாக் வாங்கியது. காம்பாக்கை 2002-இல் ஹெச்பி வாங்கியது. இட்டானியம் சில்லுகளை அனுப்புவதை இன்டெல் 2021-இல் நிறுத்திவிட்டது. இத்தனைக்கும் நடுவில் நம் ரயில்கள் ஓடின, டிக்கெட்டும் கிடைத்தது.

அப்படியானால் எதற்காக மாற்ற வேண்டும்? கணினி கெட்டுப்போனதால் அல்ல. அதற்குப் புதிதாகச் சில்லு செய்ய ஆளில்லை, அதைத் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள், தட்கல் நேரத்துக் கூட்டத்துக்கு இன்னும் பெரிய கொள்ளளவு வேண்டும். ஆகவே ரயில்வேயின் தகவல் அமைப்பு மையமான கிரிஸ், முன்பதிவு முறையைப் புதுப்பிக்கும் வேலையில் இறங்கியது. நியாயமான காரணங்கள்தான்.

ஆனால் மாற்றுவது என்றால் எதை மாற்றுகிறோம்? இயந்திரத்தை மாற்றுவது சுலபம், பணம் இருந்தால் போதும். உள்ளே குவிந்து கிடக்கும் விதிகளை எடுத்து வைப்பதுதான் கஷ்டம். 45 வயதான பெண் கேட்காவிட்டாலும், காலியாக இருந்தால் கீழ்ப்படுக்கை கொடுக்க முயல வேண்டும். ஐந்து முதல் பதினொரு வயதுக் குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், வேண்டாம் என்றால் பாதி. ஆர்ஏசி என்றால் பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையில் இரண்டு பேர் உட்கார வேண்டும், யாராவது ரத்து செய்தால் வரிசைப்படி மேலே ஏற வேண்டும். காத்திருப்போர் பட்டியலிலேயே பொது, தொலைதூர நிலையம், கூட்டு ஒதுக்கீடு என்று வகைகள். இவை ஒன்றோடொன்று மோதும் இடங்களில் என்ன செய்வது என்பதையும் யாரோ ஒருவர் என்றோ முடிவு செய்து நிரலாக, அதாவது புரோகிராமாக, எழுதிவைத்திருப்பார். பல நேரங்களில் அந்த முடிவுக்கு அந்த நிரல் ஒன்றே சாட்சி.

இன்னொரு தொல்லையும் உண்டு. புதியதைக் கட்டும்வரை பழையது சும்மா இருக்காது. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும் 365 நாள் அப்படியே இருந்தது. 2025 ஜூலை 1 முதல் இணையத் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு வந்தது, அதே நாளில் கட்டணமும் மாறியது. இப்படி ஒவ்வொரு மாற்றத்தையும் ஓடுகிற கணினியில் செய்ய வேண்டும், கட்டிக்கொண்டிருக்கும் கணினியிலும் மறக்காமல் செய்ய வேண்டும். திட்டம் போடும்போது யாரும் இந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு கதை இருக்கிறது. டிஎஸ்பி என்ற வங்கி. லாயிட்ஸ் வங்கியிலிருந்து பிரிந்த பிறகும் லாயிட்ஸின் கணினியையே வாடகைக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. 2015-இல் அதை ஸ்பெயினின் சபடெல் வங்கி வாங்கியது. சபடெல்லின் மென்பொருளை இங்கிலாந்துக்கு ஏற்றபடி மாற்றி, 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் ஏறக்குறைய ஐம்பது லட்சம் வாடிக்கையாளர்களையும் ஒரே மூச்சில் இடம் மாற்றினார்கள். கணக்கு விவரங்கள் சரியாகவே போய்ச் சேர்ந்தன. ஆனால் புதிய கணினியால் பாரம் தாங்க முடியவில்லை. பத்தொன்பது லட்சம் பேர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் நின்றார்கள். சிலருக்கு அடுத்தவர் கணக்கு தெரிந்தது. சிக்கல் முழுதாகத் தீர அந்த ஆண்டு டிசம்பர் ஆகிவிட்டது. தலைமை நிர்வாகி பதவி விலகினார். அந்த ஒரு ஆண்டில் மட்டும் வங்கிக்கு ஆன செலவு 33 கோடி பவுண்டு. 2022-இல் ஒழுங்குமுறை அமைப்புகள் 4.86 கோடி பவுண்டு அபராதம் போட்டன.

பிறகு விசாரித்தபோது ஒரு விஷயம் வெளியே வந்தது. அந்த வங்கிக்கு இரண்டு தரவு மையங்கள். இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும். ஆனால் எத்தனை பேரை ஒரே நேரத்தில் தாங்கும் என்ற பாரச் சோதனை செய்ததோ ஒரு மையத்தில் மட்டும். எத்தனை கோடி செலவழித்த திட்டம், பாருங்கள்.

அதற்காகப் பழையது என்றாலே பயந்து ஓட வேண்டும் என்றும் சொல்லவில்லை. அதே 2018 ஏப்ரலில், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கடைசி நாளன்று அமெரிக்க வரித்துறையின் கணினி படுத்துவிட்டது. 1960-களின் நிரல் இன்னும் ஓடுகிற இடம் அது. எல்லோரும் பழியை அந்த நிரல் மேல்தான் போட்டார்கள். உண்மையில் தகராறு செய்தது ஒன்றரை வருடமே ஆகியிருந்த புதிய சேமிப்புக் கருவி. கெடுவை ஒரு நாள் நீட்டித்தார்கள்.

சரி, நம் ஊர் அளவுக்கு வருவோம். நான் பார்த்த ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் பழைய டாஸ் மென்பொருள் ஒன்று இருந்தது. உறுப்பினர் இறந்துவிட்டால் அதைப் பதிய அதில் இடமே கிடையாது. ஆகவே ஊழியர்கள் பின்கோடு கட்டத்தில் ஆறு ஒன்பதுகளைத் தட்டிவிடுவார்கள். அதைப் பார்த்ததும் அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் புரிந்துவிடும். எந்தக் கையேட்டிலும் இது கிடையாது. புதிய மென்பொருள் கொண்டுவந்தவர்களோ, தவறான பின்கோடு என்று அவற்றையெல்லாம் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டார்கள். அப்புறம் என்ன, இறந்தவர்கள் பெயருக்கெல்லாம் பொதுக்குழு அழைப்பிதழ் போனது.

தமிழில் வேலை நடக்கும் அலுவலகங்களுக்கு இன்னொரு தலைவலி. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பெயர்கள் கணினிக்குள் உண்மையில் ஆங்கில எழுத்துகளாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கும். எழுத்துரு மேலே போர்த்திக்கொண்டு தமிழாகக் காட்டும். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யூனிகோடைத் தமிழக அரசு 2010-இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்கு முந்தைய கோப்புகள் தாமாக மாறிவிடாது. மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. ஒரே கட்டத்தில் பாதி ஆங்கிலம், பாதி தமிழ் கலந்திருந்தால் அவை தடுமாறும். முதலெழுத்தை ஆங்கிலத்திலும் பெயரைத் தமிழிலும் அடிக்கும் பழக்கம் நமக்கு உண்டு அல்லவா? அங்கேதான் ஆரம்பிக்கும் வினை. ஓய்வூதியப் பட்டியலில் பெயர் ஒரு எழுத்து மாறினால் அந்தப் பெரியவர் எத்தனை முறை அலைய வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு மாற்றம் வரப்போகிறது என்றால், விலைப்புள்ளி கேட்பதற்கு முன்னால், அந்தப் பழைய திரையில் தினமும் உட்காருகிற எழுத்தரின் பக்கத்தில் ஒரு வாரம் ஒருவரை உட்கார வையுங்கள். எந்தக் கட்டத்தில் எதைத் தட்டுகிறார், ஏன் என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஓய்வு பெற்றுப் போனவர் இருந்தால் அழைத்து வந்து, மரியாதையாகச் சம்பளம் கொடுத்துக் கேளுங்கள். சும்மா ஒரு சால்வை போட்டு அனுப்பிவிடாதீர்கள். பிறகு ஒரு கிளையை, ஒரு பிரிவை மட்டும் முதலில் மாற்றுங்கள். கொஞ்ச காலம் பழையதும் புதியதும் ஒரே கணக்கைப் போடட்டும். தினமும் மாலை இரண்டின் விடையையும் ஒப்பிடுங்கள். இது இரட்டை வேலைதான், ஊழியர்கள் முணுமுணுப்பார்கள், கூடுதல் படியும் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள். டிஎஸ்பி கட்டிய அபராதத்தோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை.

மார்ச் 31 கணக்கு முடிப்பு ஒருமுறை புதியதில் சரியாக நடந்து, வட்டிக் கணக்கு பைசா சுத்தமாகப் பொருந்தும்வரை பழைய கணினியின் மின் இணைப்பைப் பிடுங்க வேண்டாம். அதற்குப் பிறகும் தணிக்கையாளர் கேட்டால் எடுத்துக் காட்ட, திருத்த முடியாதபடி ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு நிறுத்தலாம்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.