மீன் தொட்டியும் பி.எச். கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் மீன் தொட்டி வைப்பவர்கள் கடைக்காரரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி, "பி.எச். எவ்வளவு இருக்கணும்?" தண்ணீர் அமிலமா, காரமா என்று காட்டும் எண்தான் பி.எச். ஏழு நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். கடைக்காரரிடமிருந்து ஏழு என்று பதில் வரும். உடனே பி.எச். குறைக்கும் திரவம் ஒரு பாட்டில் வாங்கி வந்து, எட்டில் நிற்கும் போர் தண்ணீரை ஏழுக்கு இறக்கப் பார்ப்பார்கள். பல தொட்டிகளில் சிக்கல் ஆரம்பிப்பதே அங்கேதான்.

பி.எச். அளவை 1909இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் என்ற வேதியியலாளர் வகுத்தார். பீர் ஆலைக்காரர்கள் நடத்திய ஆய்வகம் அது. இந்த அளவில் ஒரு படி என்பது பத்து மடங்கு. ஏழுக்கும் எட்டுக்கும் இடையே அமிலத்தன்மை பத்து மடங்கு மாறுகிறது. ஆறுக்கும் எட்டுக்கும் இடையே நூறு மடங்கு. ஏழில் வாழப் பழகிய மீன் ஏழில் நன்றாக இருக்கும், எட்டில் பழகியது எட்டில் நன்றாக இருக்கும். காலையில் எட்டு, மாலையில் ஏழு என்றால்தான் தாங்காது. சென்னைப் புறநகரில் பல இடங்களில் போர் தண்ணீர் எட்டை ஒட்டியே நிற்கும். கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் வளர்ப்பவர்களுக்கு அது ஒரு குறையே அல்ல, அப்படியே விட்டுவிடலாம். கொளத்தூர் போன்ற இடங்களில் மீன் வாங்கும்போது, "உங்க தொட்டியில பி.எச். என்ன?" என்று கேளுங்கள். அந்தப் பதில்தான் உங்களுக்கு வேண்டியது.

இனி, அளப்பது எப்படி? சொட்டு மருந்து கிட் போதும். கண்ணாடிக் குப்பியைத் தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு முறை அலசி, 5 மில்லி கோடு வரை நிரப்புங்கள். மருந்துப் பாட்டிலை நேர் செங்குத்தாகக் கவிழ்த்து, கிட்டில் சொன்ன அளவு சொட்டு விடுங்கள். சாய்த்துப் பிடித்தால் சொட்டின் பருமன் மாறிவிடும். குப்பியின் வாயை விரலால் அடைத்துக் குலுக்காமல், மூடி போட்டே குலுக்குங்கள். பின்னால் வெள்ளைத் தாள் வைத்து, பகல் வெளிச்சத்தில் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் பச்சையும் நீலமும் ஏமாற்றும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சாதாரண கிட்டில் இருக்கும் சாயம் ஆறில் மஞ்சளாகவும், ஏழில் பச்சையாகவும், 7.6இல் நீலமாகவும் இருக்கும். அதற்கு மேல் 8 ஆனாலும் 8.4 ஆனாலும் அதே நீலம்தான். "எங்க வீட்டுத் தண்ணி 7.6" என்று நிம்மதியாக இருப்பவர்களில் பலருக்கு உண்மையில் எட்டுக்கு மேல் இருக்கும். கிட் அதன் உச்சியைக் காட்டினால், உயர் அளவுக்கான கிட்டில் மறுபடி பாருங்கள்.

போரிலிருந்து அப்போதே பிடித்த தண்ணீரையும் நம்ப வேண்டாம். நிலத்தடியில் கரைந்த கரியமில வாயு அதில் இருப்பதால் பி.எச். குறைவாகக் காட்டும். ஒரு பக்கெட்டில் பிடித்து, ஏர் பம்ப் ஓடவிட்டு, 24 மணி நேரம் கழித்து அளந்தால் கிடைப்பதே உண்மையான எண்.

ஆனால் பி.எச்.சை மட்டும் அளப்பது பாதி வேலை. கே.எச். என்கிற கார்பனேட் கடினத்தன்மையையும் அளக்க வேண்டும். அமிலம் சேரச் சேர அதை விழுங்கி, பி.எச்.சை விழாமல் பிடித்து வைத்திருக்கும் கையிருப்பு அதுதான். இந்த கிட்டில் பெரும்பாலும் 5 மில்லி தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டு எண்ண வேண்டும். நீலம் மஞ்சளாக மாறும்போது எத்தனை சொட்டோ, கே.எச். அத்தனை டிகிரி. ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். நான்கிலிருந்து எட்டு இருந்தால் கவலையில்லை. இரண்டுக்குக் கீழே போனால் பி.எச். எப்போது வேண்டுமானாலும் சரியலாம்.

ஏன் சரிகிறது? மீன் கழிவில் வரும் அம்மோனியாவை ஃபில்டரில் உள்ள பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அம்மோனியாவில் உள்ள ஒரு மில்லிகிராம் நைட்ரஜனுக்குச் சுமார் ஏழு மில்லிகிராம் காரத்தன்மை, அதாவது கே.எச். கையிருப்பு, கரைகிறது. "சுத்தமான தண்ணிதானே" என்று ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோ மட்டும் ஊற்றுபவர்களுக்கு இந்தக் கையிருப்பு திரும்ப நிரம்புவதே இல்லை. சில மாதங்களில் பி.எச். ஆறுக்குக் கீழே போய்விடும். அந்த அளவில் பாக்டீரியாவும் வேலையைக் குறைத்துவிடும், அம்மோனியா சேரும். ஆனால் மீன்கள் நீந்திக்கொண்டுதான் இருக்கும். அமிலத் தண்ணீரில் அம்மோனியா அவ்வளவாக விஷமில்லாத அம்மோனியமாக மாறி ஒளிந்திருப்பதுதான் காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொட்டி அழுக்காகத் தெரிகிறதே என்று பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, பி.எச். எட்டு உள்ள போர் தண்ணீரை ஊற்றுவார்கள். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். ஏழில் மொத்த அம்மோனியாவில் அரை சதவீதம் அளவுதான் விஷ வடிவில் இருக்கும். எட்டில் ஐந்து சதவீதத்தைத் தாண்டும். ஒளிந்திருந்தது எல்லாம் ஒரே மூச்சில் விழித்துக்கொள்ளும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். பொழுது சாயும் முன் மிதக்கும். பழி போர் தண்ணீர் மேல் விழும். இப்படிப்பட்ட பழைய தொட்டியில் முதலில் அம்மோனியாவை அளந்து பாருங்கள். இரை போடுவதை நிறுத்தி, தினம் பத்து சதவீதம் தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். ஒரு வாரம், பத்து நாள் ஆகட்டும்.

கே.எச்.சை ஏற்ற, சமையலறையில் இருக்கும் ஆப்ப சோடாவே போதும். 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் ஒரு டிகிரி ஏறும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி கணக்குக்குச் சுமார் 57 லிட்டர். கூழாங்கல்லும் மேலே விடும் இடமும் போக 45 லிட்டர்தான் தேறும். அதற்குக் கால் டீஸ்பூன் சரியாக இருக்கும். ஒரு குவளை தொட்டித் தண்ணீரில் கரைத்து, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் மெல்ல ஊற்றுங்கள். ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல் வேண்டாம். சலவை சோடா வேறு சரக்கு, அதைத் தொடாதீர்கள். பேக்கிங் பவுடரும் உதவாது.

இறக்குவதுதான் கஷ்டம். கே.எச். பத்து உள்ள தண்ணீரில் அமிலம் விட்டால் சாயங்காலம் ஏழு காட்டும், மறுநாள் மறுபடி எட்டுக்கு வந்து நிற்கும். திரும்ப விடுவீர்கள். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் மீன் வதைபடும். அந்தத் திரவம் பாஸ்பேட் சார்ந்ததாக இருந்தால் பாசி வேறு பிடிக்கும். டிஸ்கஸ், நியான் டெட்ரா போன்றவற்றுக்கு மென்மையான தண்ணீர் வேண்டுமென்றால் போர் தண்ணீரையும் ஆர்.ஓ. தண்ணீரையும் கலந்துகொள்ளுங்கள். சரிபாதி கலந்தால் கே.எச். பத்து ஐந்தாகும். கலப்பதைத் தொட்டிக்கு வெளியே, பக்கெட்டில் செய்யுங்கள். பி.எச். இறக்க நாட்டு வாதுமை இலை போடுவதும் இதற்குப் பிறகுதான். கடினத் தண்ணீரில் அது நிறம் மட்டும் ஏற்றும், பி.எச். அசையாது.

எதுவும் செய்யாமலே பி.எச். ஏறுகிறதா? அலங்காரக் கல்லை வெளியே எடுத்துக் காயவைத்து, மேலே சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல். செடி நிறைந்த தொட்டியில் விளக்கெரியும் நேரத்தில் சற்று ஏறி, இரவில் சற்று இறங்குவது இயல்பு. அதனால் எப்போதும் ஒரே நேரத்தில் அளந்து குறித்து வையுங்கள்.

பேனா போன்ற மின்னணு மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் தண்ணீருக்கு 6.86, 9.18 என்று பி.எச். முன்பே தெரிந்த இரண்டு பஃபர் கரைசல்களில் சரிபார்த்த பிறகே அதன் எண்ணை நம்பலாம். முனையைக் காயவிடக் கூடாது, ஆர்.ஓ. தண்ணீரில் ஊறவைக்கவும் கூடாது. மூடிக்குள் பொட்டாசியம் குளோரைடு கரைசல் சில சொட்டு விட்டு மூடி வையுங்கள்.

வணக்கம்.